ஒரு பிளாஸ்க் குளிர்

கிருஷ்ணமூர்த்திக்குக் கல்லூரிப் பையன்கள் வைத்திருந்த பெயர் ‘ஐஸ் வாத்தியார்’. அரியலூர் வெயிலில் நின்றுகொண்டு குளிரைப் பற்றிப் பேசுகிற மனிதருக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? சுண்ணாம்புக்கல் லாரி கிளப்பிவிட்ட புழுதி ஜன்னல் வழியாக வந்து மேஜையில் படிந்துகொண்டிருக்கும். அவர் பாட்டுக்குக் கரும்பலகையில், பூஜ்யத்துக்குக் கீழே இருநூற்று அறுபத்தொன்பது டிகிரி என்று எழுதுவார். பின்பெஞ்சில் ஒருவன் துண்டை எடுத்துப் போர்த்திக்கொண்டு நடுங்கிக் காட்டுவான். வகுப்பு சிரிக்கும். அவரும் சிரித்துவிட்டு மேலே நடத்துவார்.

அந்தக் குளிரைக் கண்ணால் பார்த்தவர் அவர் என்பது பையன்களுக்குத் தெரியாது. எழுபதுகளின் தொடக்கத்தில் பெங்களூரில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் மாணவராக இருந்தார். ஹீலியம் வாயுவைத் திரவமாக்கி, அதற்குள் உலோகத்தை இறக்கி, அது என்ன செய்கிறது என்று பார்ப்பதுதான் அங்கே வேலை. குளிருக்கும் ஓர் அடிமட்டம் உண்டு; அதற்குக் கீழே எந்தக் கொம்பனாலும் போக முடியாது. திரவ ஹீலியம் அந்த அடிமட்டத்துக்கு நாலே டிகிரி மேலே நிற்கிற சரக்கு. அதற்குள் போன ஈயக்கம்பி, அதுவரை மின்சாரத்துக்குக் காட்டிவந்த தடையையெல்லாம் சட்டென்று விட்டுவிடும். கருவியின் முள் பூஜ்யத்தில் போய் விழுவதை முதல்முறை பார்த்த அன்று சந்தோஷத்தில் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஆராய்ச்சி முடியுமுன்னே அப்பாவுக்குக் கை கால் இழுத்துக்கொண்டது. அக்கா கலியம்மாள் ஆள் அனுப்பினாள். ஒரே மகன், வேறு யார் பார்ப்பது? பெட்டியைக் கட்டிக்கொண்டு பூலாமேட்டுக்கு வந்தவர் திரும்பிப் போகவில்லை. பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவே பஸ் நின்று போகிற சிற்றூர் அது. அரியலூரில் வாத்தியார் வேலை கிடைத்தது. கமலவேணியைக் கட்டிவைத்தார்கள். அப்பா போய்ச் சேர்ந்தார். பிள்ளை பிறக்கவில்லை. ஒன்றுக்குப் பின் ஒன்றாக இத்தனையும் ஆகி, மனிதருக்குக் காதோரம் நரைத்துவிட்டது. அரைகுறையாய் விட்டுவந்த ஆராய்ச்சியைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசமாட்டார். கமலவேணிக்கு, தன் புருஷன் பெங்களூரில் ஏதோ பெரிய படிப்புப் படித்தார் என்கிற அளவுக்குத்தான் தெரியும்.

எண்பத்தேழாம் வருஷம் உலகமெங்கும் குளிர் ஆராய்ச்சிக்காரர்கள் குதித்தார்கள். ஒரு புதுவகைக் கறுப்புச் சில்லு கண்டுபிடித்திருந்தார்கள். மூன்று பொடிகளைக் கலந்து அரைத்துச் சூளையில் சுட்டால் வருகிற, மண் ஓடு மாதிரிப் பொருள்தான் அது. ஆனால் ஈயம் ஹீலியத்தில் செய்கிற வேலையை அது நைட்ரஜனிலேயே செய்தது. ஹீலியம் ராஜா வீட்டுச் சரக்கு. நைட்ரஜன் காற்றில் முக்கால்வாசி இருப்பது, மலிந்த சரக்கு. சில்லைத் திரவ நைட்ரஜனில் நனைத்து அதன்மேல் ஒரு காந்தத் துண்டை வைத்தால், காந்தம் பிடிமானமில்லாமல் அந்தரத்தில் நிற்கும் என்றார்கள்.

பத்திரிகையில் இதைப் படித்த நாள் முதல் கிருஷ்ணமூர்த்தி நிலைகொள்ளவில்லை. பெங்களூரில் கூடப் படித்த நண்பர் ஒருவர் பொடிகளையும் மிளகளவு காந்தத் துண்டு ஒன்றையும் அனுப்பிவைத்தார். கல்லூரி வேதியியல் கூடத்துச் சூளையில், வகுப்பு முடிந்த பிறகு பொடியை வில்லையாக அழுத்திச் சுட்டார். சரியாக வெந்தால் வில்லை கறுப்பாக வரும், கெட்டால் பச்சையாகப் போகும். பச்சையாகவே வந்துகொண்டிருந்தது. ஐப்பசி போய்க் கார்த்திகையும் போனது. மார்கழி பிறந்து ஒரு நாள் சூளையைத் திறந்தால் கன்னங்கரேலென்று ஒரு வில்லை கிடந்தது.

இனி நைட்ரஜன் வேண்டும். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது என்பார்களே, அது பூலாமேட்டு மாட்டாஸ்பத்திரியிலேயே இருந்தது.

மாட்டாஸ்பத்திரி என்றால் ஓர் ஓட்டு அறை, முன்னால் மாட்டை நிறுத்தக் குழாயில் அடித்த ஒரு கூண்டு. அங்கே கால்நடை ஆய்வாளராக இருந்தவர் ராசாங்கம். அவருடைய அப்பா கிருஷ்ணமூர்த்தி வீட்டு வயலில் கூலிக்கு உழுதவர். மகன் படித்து அரசாங்க வேலைக்கு வந்துவிட்டார்; ஆனால் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. சினை ஊசி போடுவதுதான் அவருக்கு முக்கிய வேலை. பால் கேன் மாதிரி ஒரு பாத்திரத்தில் திரவ நைட்ரஜன் இருக்கும். அதற்குள் குச்சி குச்சியாகப் பிளாஸ்டிக் குழல்கள். ஒவ்வொன்றிலும் எங்கோ இருக்கிற ஜெர்சிக் காளையின் வித்து உறைந்து கிடக்கும். நைட்ரஜன் தானாகக் குறைந்துகொண்டே வரும். வியாழக்கிழமைதோறும் ஒரு வண்டி வந்து நிரப்பிவிட்டுப் போகும்.

கிருஷ்ணமூர்த்தி விஷயத்தைச் சொன்னபோது ராசாங்கம் தலையைச் சொறிந்தார். “நீங்க கேட்டு நான் இல்லேன்னு சொல்வனா சார். வண்டி வர்றதுக்கு மொத நா வாங்க” என்றார்.

அந்தப் புதன்கிழமை சாயங்காலம் ராசாங்கம் பெண்டாட்டி பிள்ளையோடு பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார். மனைவிக்குப் பிறந்த ஊர் வரதராஜன்பேட்டை, கிறிஸ்துமஸுக்குப் போகிறார்கள். கிருஷ்ணமூர்த்தியைக் கண்டதும் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தார்.

“நீங்களே தெறந்து எடுத்துக்கங்க சார். ஒரு பிளாஸ்க் மட்டும். நாளைக்கி வண்டி வந்துடும், இருந்தாலும் அடியில கொஞ்சம் கெடக்கணும். குச்சியெல்லாம் அதுலதான் உசுரோட இருக்கு.”

“தெரியுங்க ராசாங்கம்.”

“ஒங்களுக்குத் தெரியாதா. எஞ் சமாதானத்துக்குச் சொல்றேன்.”

அவரவர் வீட்டில் அவரவருக்கு ஓர் ஆசை. கிருஷ்ணமூர்த்திக்கு வில்லை என்றால் கமலவேணிக்குச் சுட்டி. நெற்றியில் வெள்ளைப் புள்ளியோடு பிறந்த கலப்புக் கிடேரி. ஈன்ற மறுநாளே தாய்ப்பசு செத்துப்போனதால் கமலவேணி புட்டியில் பால் கொடுத்து வளர்த்தாள். அது கத்தினால் அடுப்பில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவாள். தைக்குள் பருவத்துக்கு வந்துவிடும், அடுத்த ஐப்பசியில் வீட்டில் ஒரு கன்று துள்ளும் என்று அவளுக்குக் கணக்கு. பிள்ளையில்லாத வீட்டில் அந்தக் கணக்கு எவ்வளவு பெரியது என்று கிருஷ்ணமூர்த்திக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துகொண்டு பேசாமலிருப்பது அவர் வழக்கம்.

வியாழக்கிழமை விடியும்போதே ஊரில் அழுகைச் சத்தம் கேட்டது. முதலமைச்சர் காலமாகிவிட்டார் என்று ரேடியோ சொன்னது. பஞ்சாயத்து ரேடியோவைச் சுற்றி ஊரே கூடிவிட்டது. பெண்கள் தலையை விரித்துப்போட்டுக்கொண்டு பெற்ற அப்பனுக்கு அழுவதுபோல் அழுதார்கள். ஆண்கள் மொட்டை அடிக்க நாவிதரைத் தேடினார்கள். கமலவேணியும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அங்கே போய் உட்கார்ந்தாள். கிருஷ்ணமூர்த்திக்கும் மனசு கனத்துத்தான் போயிற்று. ஆனால் கால் ரேடியோப் பக்கம் போகவில்லை. வீட்டுக்குள் வந்து வில்லையையும் காந்தத்தையும் பிளாஸ்க்கையும் கமலவேணியின் சின்ன எவர்சில்வர் கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்குப் போனார்.

கேனைத் திறந்ததும் வெண்புகை வழிந்து தரையில் ஓடியது. பன்னிரண்டு வருஷமாகப் பார்க்காத புகை. பக்குவமாகச் சாய்த்து ஒரு பிளாஸ்க் எடுத்தார். கேனின் அடியில் இன்னும் இரண்டு மூன்று பிளாஸ்க் அளவுக்குக் கிடந்தது. கிண்ணத்தில் வில்லையை வைத்து நைட்ரஜனை ஊற்றினார். சட்டியில் கடுகு பொரிவதுபோல் பொரிந்து, பிறகு அடங்கியது. இடுக்கியால் காந்தத் துண்டை எடுத்து வில்லையின்மேல் விட்டார்.

காந்தம் வில்லையைத் தொடவில்லை. ஒரு நெல் கனத்துக்கு மேலே நின்றது. ஒரு காகிதத்தைக் கிழித்து இடைவெளியில் நுழைத்தார், இந்தப் பக்கம் விட்டது அந்தப் பக்கம் வந்தது. விரலால் லேசாகத் தட்டினார். காந்தம் அந்தரத்திலேயே சுற்றியது. தொடாமல், தாங்கலில்லாமல், ஒரு சத்தமுமில்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தது.

கிருஷ்ணமூர்த்தி பெஞ்சில் உட்கார்ந்து அழுதார். அப்பா செத்ததற்குக்கூட அப்படி அழாதவர்.

நைட்ரஜன் ஆவியாகித் தீர்ந்தது. வில்லை சூடேறக் காந்தம் மெல்ல இறங்கிப் படுத்துக்கொண்டது. அத்தோடு எழுந்து கதவைப் பூட்டியிருந்தால் இந்தக் கதை இல்லை. இன்னும் ஒரு தடவை பார்த்தால் என்ன என்று தோன்றியது. இன்றைக்குத்தான் வண்டி வருகிறதே. இரண்டாவது பிளாஸ்க்கும் எடுத்தார். அதன் பிறகு மூன்றாவதும். எரிகிற வீட்டில் பிடுங்குகிற ஆள் இல்லை அவர், ஆனால் அன்று செய்தது அதுதான். தமிழ்நாட்டில் ஒரு சக்கரம் உருளாது, ஒரு கடை திறக்காது என்று அன்று ஊரில் பல் முளைக்காத குழந்தைக்குக்கூடத் தெரிந்திருந்தது. இயற்பியல் வாத்தியாருக்கு மட்டும் அந்த யோசனை வரவில்லை.

வீட்டுக்கு வந்தபோது கமலவேணி அவர் கண்ணைப் பார்த்தாள். “நீங்களுமா அழுதீங்க?” என்று கேட்டுவிட்டு, அவளும் ஒரு பாட்டம் அழுதாள். அவர் மறுத்துச் சொல்லவில்லை.

வண்டி வரவில்லை. மறுநாளும் இல்லை. ஒரு வியாழன் தவறினால் அடுத்த வியாழன்தான். பஸ் ஓடத் தொடங்கியும் ராசாங்கம் திரும்பவில்லை. அங்கே குழந்தைக்கு அம்மை போட்டிருந்தது, தண்ணீர் ஊற்றும்வரை வீட்டைவிட்டு வெளியேற முடியாது என்று பஸ் கண்டக்டர் மூலம் சொல்லி அனுப்பினார். சேதி வந்த அன்று கிருஷ்ணமூர்த்தி போய்க் கேனைத் திறந்து பார்த்தார். புகை வரவில்லை. அளவு பார்க்கிற குச்சியை விட்டு எடுத்தார். அதில் பனி பிடிக்கவில்லை, காய்ந்தே வந்தது. உள்ளே கையை வைத்துப் பார்த்தார், மார்கழிக் காலையில் எந்தப் பாத்திரமும் இருக்கிற குளிர்ச்சிதான் இருந்தது. வித்துக் குச்சிகளைத் தூக்கிப் பார்த்தார். நீலமும் மஞ்சளுமாக, எப்போதும்போல் அழகாக இருந்தன. எல்லாம் செத்துப்போயிருந்தன.

அடுத்த வியாழன் வண்டி வந்தது. டிரைவர் இறங்கி, “ராசாங்கம் இல்லீங்களா சார்?” என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கேனை நிரப்பினார். பழையபடி வெண்புகை வழிந்தது. செத்த குச்சிகள் மறுபடி உறைந்தன. பார்த்தால் ஒரு வித்தியாசம் தெரியாது. அதுதான் கொடுமை.

ராசாங்கம் திரும்பி வந்ததும் சாவியைக் கொடுத்தார். “காந்தம் நின்னுச்சா சார்?” என்று ராசாங்கம் கேட்டார். நின்றது என்று சொன்னார். மற்றதைச் சொல்ல வாயெடுத்தார், வரவில்லை. சொன்னால் குச்சியைக் கொட்ட வேண்டும், மேலே எழுத வேண்டும், சாவி எப்படிக் கைமாறியது என்று கேட்பார்கள், நிரந்தரமாகாத வேலை போய்விடும். ராசாங்கத்துக்காகத்தான் பேசாமலிருக்கிறோம் என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டார். அது பாதிப் பொய். ராசாங்கத்தின் முகத்தைப் பார்த்து, நான் திருடினேன் என்று சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை.

தையில் சுட்டி பருவத்துக்கு வந்து கத்தியது. கமலவேணி அதைக் குளிப்பாட்டி, நெற்றியில் குங்குமம் வைத்து, தானே பிடித்துக்கொண்டு போனாள். கிருஷ்ணமூர்த்தி பின்னாலேயே போனார். ராசாங்கம் கேனிலிருந்து ஒரு நீலக் குச்சியை எடுத்து வெந்நீரில் காட்டினார். ஊசி போட்டு முடித்துச் சுட்டியின் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

“மொதக் கன்னு கெடாரிதாம்மா, பாருங்க” என்றார்.

“ஒங்க வாய் முகூர்த்தம் பலிக்கட்டும்” என்றாள் கமலவேணி. கிருஷ்ணமூர்த்தி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மூன்று வாரத்தில் சுட்டி மறுபடி கத்தியது. மறுபடி ஊசி. மறுபடியும் சினை நிற்கவில்லை. ஊரில் மற்ற மாடுகளுக்கும் நிற்கவில்லை. ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். வெயில் என்றார்கள், தீவனம் என்றார்கள். பிறகு எல்லோரும் சேர்ந்து ஒரே காரணத்துக்கு வந்தார்கள்: ராசாங்கத்துக்குக் கைராசி போய்விட்டது. அம்மை போட்ட வீட்டிலிருந்து தீட்டோடு வந்து கை வைத்தான், அதுதான் என்றாள் ஒருத்தி. பூலாமேட்டில் கைராசி இல்லையென்று பேரெடுத்தால் பிறகு மருந்து கொடுத்தாலும் ஆகாது, மந்திரித்தாலும் ஆகாது. மாட்டை அடுத்த ஊர்ப் பொலிகாளைக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள். மாட்டாஸ்பத்திரி வாசலில் புல் முளைத்தது. ராசாங்கம் காலையில் வந்து கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, கையை மடியில் போட்டுப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்.

மாசிக் கடைசியில் ராசாங்கம் தானாகவே மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு ஆண்டிமடம் போனார். போகிற அன்று சொல்லிக்கொள்ள வந்தார்.

“ஒங்க சுட்டிக்காவது நின்னிருந்தா மனசு ஆறியிருக்கும் சார். அம்மா மொகத்தப் பாக்க முடியல” என்றார்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். “போயிட்டு வாங்க ராசாங்கம்” என்றுதான் சொன்னார்.

பங்குனியில் அக்கா கலியம்மாள் பேத்தி மொட்டைக்கு அழைக்க வந்தாள். கொட்டகையில் சுட்டியைப் பார்த்தாள். “இன்னும் செனை புடிக்கலியா? மலட்டு மாட்ட வாசல்ல கட்டி வச்சிருந்தா வூடு எப்படி வெளங்கும்?” என்றாள். மாட்டைத்தான் சொன்னாள். ஆனால் கண் கமலவேணியின்மேல் இருந்தது. கமலவேணி காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ராத்திரி சாப்பிடும்போது கிருஷ்ணமூர்த்தி, “இன்னும் ஒரு தடவ பாப்பமே. புது ஆள் புதுக் குச்சியோட வந்திருக்கான்ல” என்றார். “வேணாங்க. அதை எல்லாரும் அப்படிப் பேசுறத என்னால கேட்டுக்கிட்டு இருக்க முடியல” என்றாள். அது என்று அவள் சொன்னது எதையென்று அவருக்குத் தெரியும். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

இரண்டு நாள் கழித்து அவர் கல்லூரியிலிருந்து வந்தபோது கொட்டகை காலியாக இருந்தது. முளைக்குச்சியின் மேல் சுட்டியின் கயிறு சுருட்டி வைத்திருந்தது. மாட்டை விற்றாலும் கயிற்றை விற்கமாட்டார்கள்.

“யார்கிட்ட குடுத்த?”

“பெரம்பலூர் யாவாரி. காலையிலயே ஓட்டிட்டுப் போயிட்டாரு.”

“வளக்கவா?”

சினை பிடிக்காத மாட்டை யார் வளர்க்க வாங்குவார்கள்?

வந்த பையோடு மறுபடி பஸ் ஏறினார். பெரம்பலூரில் ரோட்டோரமாக மாட்டு லாரி நிற்கிற இடமெல்லாம் தேடினார். நெற்றியில் வெள்ளைப் புள்ளி, நெற்றியில் வெள்ளைப் புள்ளி என்று வேட்டி தடுக்க ஓடி ஓடிக் கேட்டார். டீக்கடைக்காரர்தான் சொன்னார், “உச்சிக்கே கெளம்பிடுச்சுங்க. கேரளா வண்டி. இந்நேரம் திண்டுக்கல்லத் தாண்டியிருக்கும்.” கிருஷ்ணமூர்த்தி அந்த ரோட்டோரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். லாரிகள் அவரைக் கடந்து தெற்கே போய்க்கொண்டிருந்தன.

வீடு திரும்பியதும் எல்லாவற்றையும் சொன்னார். கமலவேணி கயிற்றை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்து கேட்டாள். பெங்களூரிலிருந்து தொடங்கினார். முள் பூஜ்யத்தில் விழுந்ததை, பச்சையாகப் போன வில்லைகளை, கறுப்பு வில்லையை, ஒரு பிளாஸ்க்கை, மூன்று பிளாஸ்க்கை, காய்ந்துவந்த குச்சியை எல்லாம் சொன்னார். கல்யாணமாகி அவளிடம் அவர் அவ்வளவு பேசியது அதுவே முதல்முறை. சுட்டி மலடில்லை, ராசாங்கம் கையிலும் குற்றமில்லை என்று சொல்லி முடித்தார். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டினால் தேவலை என்றிருந்தது.

அவள் வெகுநேரம் கயிற்றின் முடிச்சைத் தடவிக்கொண்டிருந்தாள்.

“காலையில மொத பஸ்ஸுக்கு ஆண்டிமடம் போயி, ராசாங்கத்துக்கிட்ட சொல்லிட்டு வாங்க” என்றாள். “அந்தப் புள்ள தன் கையப் பாத்துப் பாத்து அழுதுச்சு.”

“போறேன்.”

“அந்தக் காந்தம் நெசமாவே அந்தரத்துல நின்னுச்சா?”

“நின்னுச்சு.”

“நல்லா இருந்துச்சா?”

அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

“அன்னைக்கி கண்ணு செவக்க வந்தீங்களே, தலைவருக்குத்தான் அழுதீங்கன்னு நெனச்சேன்” என்றாள். “நான் ரேடியோ பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். தெருமொனையில நின்னு ஒரு கை காட்டியிருந்தா வந்திருப்பேன். ரெண்டு பேருமா பாத்திருக்கலாம். ஒரு தடவ பாத்ததும், போதுங்க, மூடிடுங்கன்னு நாஞ் சொல்லியிருப்பேன்.”

பிறகு எழுந்து கொட்டகைக்குப் போய், சுட்டிக்காகக் காலையில் வைத்திருந்த கழுநீரைத் தென்னைக்கு ஊற்றிவிட்டு, பானையைக் கவிழ்த்து வைத்தாள்.